‘தூக்கம்’ என்று எழுதிய ஆறு கட்டங்கள்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், குழந்தைகளின் அறுவைப் பிரிவில், இருபத்திரண்டு ஆண்டுகள் பணிசெய்த அந்தச் செவிலிக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். சீருடையின் இடப்பக்க மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரத்தை, யாரோடு பேசினாலும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்துக்கொள்வாள். பெயர் வைத்தவர் மாவுக்கட்டுப் போடும் பெரியவர். எலும்பு முறிந்து வருவோருக்கும் எலும்பை அறுத்து நேராக்கப்படுவோருக்கும் முப்பது ஆண்டுகளாகக் கட்டுப் போட்டு, நகக்கண்ணில் எந்நேரமும் சுண்ணத்தூள் ஏறிய மனிதர். அவளைத் தங்கச்சி என்றும் அழைப்பார், கடிகாரம் என்றும் அழைப்பார். எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை.

கடிகாரத்தை அவள் அத்தனை முறை பார்த்ததற்குக் காரணம் பிற்பகல் இரண்டு மணி.

காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையே குழந்தைகளுக்கு அறுவை நடக்கும். மயக்கத்தில் கிடக்கும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகின் கீழ்முனையில், வாலெலும்புக்குச் சற்று மேலே, மயக்க மருந்து டாக்டர் ஓர் ஊசி போடுவார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். குழந்தை விழித்த பிறகும் வலி தெரியாது. ஆனால் அந்த மரப்புக்கு ஆயுள் நான்கைந்து மணி நேரந்தான். இரண்டு மணிக்கு முதல் கட்டில் முனகும். அடுத்த கட்டில் அழும். மூன்று மணிக்குள் பன்னிரண்டு கட்டில்களும் அலறும். வாயில் ஊற்றும் வலி மருந்து வேலைசெய்ய அரைமணி ஆகும். பாதிக் குழந்தைகள் அதற்குள் அதை வாந்தியெடுத்துவிடும். தாய்மார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏதாவது குடும்மா, புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சுவர். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துமுடித்து வெறுங்கையோடு நிற்பதே அவள் பணியில் மிகக் கடினமான பகுதி.

“கச்சேரி ஆரம்பிச்சாச்சா, தங்கச்சி?” என்று மாவுக்கட்டுக்காரர் வாசலில் நின்று கேட்பார்.

“உங்களுக்குக் காதுல பஞ்சு வெச்சாலும் நக்கல் போகாது அண்ணே. வேலை இல்லைன்னா அந்தக் கட்டில்ல இருக்கிற பிள்ளைக்கு விசிறுங்க.”

அவர் விசிறுவார், அதுவும் உண்மை.

அந்த இரண்டு மணி அவளோடு வீட்டுக்கும் போயிற்று. குக்கர் விசிலடித்தால் எழுந்து கூடத்துக்குப் போய்விடுவாள். தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கணவன்தான் பெரும்பாலும் சோறு வடித்தான். “மெஷின்ல சத்தம் வந்தா எண்ணெய் விடலாம். உன் தலைக்குள்ள வர்ற சத்தத்துக்கு எங்கடி எண்ணெய் விடறது?” என்பான். அவள் சிரித்துவிட்டுப் போவாள். பிள்ளையில்லாதவர்கள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

வந்துபோன ஒவ்வொரு மயக்க மருந்து டாக்டரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: இந்த மரப்பை இன்னும் சிறிது நீட்ட முடியாதா? அளவைக் கூட்டினால் நெஞ்சுக்கு ஆபத்து, கால் துவண்டுபோகும் என்றனர் சிலர். செவிலிக்கு இதெல்லாம் எதற்கு என்பதுபோல் பார்த்தனர் சிலர். இருபத்தோராம் ஆண்டில் வந்த டாக்டர், இளம்பெண், கேள்வியைக் கேட்டதும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“முடியும் சிஸ்டர். அதே ஊசியில இன்னொரு மருந்து, துளியூண்டு, கூட சேர்க்கணும். வலி திரும்ப வர்றதுக்குப் பத்துப் பதினோரு மணி நேரம்கூட ஆகலாம். ஆனா குழந்தைக்குக் கொஞ்சம் தூக்கம் வரும், நாடி கொஞ்சம் இறங்கும். மணிக்கு ஒரு தடவை யாராவது உக்காந்து பாக்கணும். யாரு பாப்பா?”

“நான் பாக்கறேன் டாக்டர்.”

“எல்லாக் குழந்தைக்குமா?”

“எல்லாக் குழந்தைக்கும்.”

அப்படித்தான் அந்தத் தாள் வந்தது. பேசத் தெரியாத குழந்தையின் வலியை எண்ணாக்கும் தாள். முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுதல் என ஐந்து வரிகள்; ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை. முகம் சுளித்தால் ஒன்று, கால் உதறினால் இரண்டு, சும்மா கிடந்தால் பூஜ்யம். கூட்டுத்தொகை பத்தானால் பெருவலி. நாடியும் மூச்சும் எழுதத் தனி வரிகள். அவற்றுக்கும் அடியில், மாவுக்கட்டுப் போட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்று குறித்து, ‘விரல்’ என ஒரு வரி: கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல்களின் நிறமும் சூடும் அசைவும் பார்த்து எழுதவேண்டியது.

முதலில் மருந்து பெற்றவன் இரண்டு வயதுப் பையன், குடலிறக்க அறுவை. இரண்டு மணி வந்தது, போயிற்று. மூன்று மணிக்கு அவன் கட்டிலின் திருகாணியைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். ஆறு மணிக்கு அவளுடைய கடிகாரத்தைக் கேட்டு அழுதான். அந்த அழுகைக்கு மதிப்பெண் இல்லை என்று அவளே தீர்ப்பளித்துக் கடிகாரத்தைக் கொடுத்தாள். வீடு திரும்பும் பேருந்தில் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். எதிரே அமர்ந்திருந்த பெண் எழுந்து வேறிடம் மாறினாள்.

பிறகு ஓராண்டில் நூற்றுக்கணக்கான குழந்தைகள். பிற்பகலில் அப்பிரிவு அமைதியாயிற்று. மின்விசிறியின் ஒலி கேட்கத் தொடங்கியது. பழம்பாட்டுகளில் செவிலி என்றால் பெற்றவளுக்கு அடுத்து நிற்கும் தாய். அந்தச் சொல்லின் முழு எடையையும் அவள் அந்த ஓராண்டில்தான் சுமந்தாள் என்று சொல்லலாம். சுமந்த பெருமிதத்தில் தானே ஒரு விதியும் செய்தாள். தூங்கும் குழந்தையை எழுப்பலாகாது. கால்மாட்டில் ஒரு நீலத்துணி கட்டித் தொங்கவிடுவாள். அது தொங்கும் கட்டிலை எவரும் தொடக்கூடாது. கூட்டும் பெண்கள்கூட வாளியைத் தரையில் உரசாமல் தூக்கிச் சென்றார்கள்.

குடலிறக்கத்துக்கும் விரைக்கும் அறுவைசெய்த குழந்தைகளிடையே பிறந்த விதி அது. அவர்களுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. எலும்பு அறுத்து மாவுக்கட்டோடு வரும் குழந்தைகளுக்கும் அதே ஊசி போடத் தொடங்கியபோது, அதே துணியும் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. எவரும் அதைத் தனியே எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. இடக்காலின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வில்லாக வளைந்திருந்தது. வளர வளரக் கூடும், அறுத்து நேராக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். தாய் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்ததால், கண்ணாடி அறுக்கும் கடையில் வேலைபார்த்த தந்தைதான் உடன் வந்தான். விரல்களெல்லாம் ஆறிய கீறல்கள். வந்த அன்றே பிரிவு முழுவதும் சிறுமிக்கு வாயாடி என்று பெயர்.

“உங்க வாட்ச் ஏன் தலைகீழா தொங்குது?”

“எனக்கு நேராத்தான் தெரியுது. உனக்குத்தான் தலைகீழு.”

“அப்போ நானும் உங்களுக்குத் தலைகீழாத் தெரியறேனா?”

“நீ எப்படித் திருப்பினாலும் வாயாடித்தான்.”

தந்தை வெட்கப்பட்டுச் சிரித்தான். “வீட்டுலயும் இப்படித்தான் சிஸ்டர். தூங்குறப்பதான் வாய மூடுவா.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுவை. ஒன்பதரைக்கு முடிந்தது. தொடையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. பத்தரைக்குக் கட்டிலுக்கு வந்தாள். அப்போது செவிலி விரல்களைப் பார்த்தாள்: வெதுவெதுப்பாக இருந்தன, நகத்தை அழுத்திவிட்டதும் சிவப்பு ஓடிவந்தது. எழுதினாள். சிறுமி கண்ணயர்ந்தாள். கட்டின் நுனியோடு விரல்களையும் போர்வையால் மூடி, கால்மாட்டில் நீலத்துணியைத் தொங்கவிட்டாள்.

பதினொன்றரைக்கு முகம் பூஜ்யம், கால் பூஜ்யம், அழுகை பூஜ்யம். நாடி சரி. ‘விரல்’ என்ற வரியின் கட்டத்தில் ‘தூக்கம்’ என்று எழுதினாள்.

பன்னிரண்டரைக்கு மாவுக்கட்டுக்காரர் வந்தார். ஈரக்கட்டு உலர்ந்து இறுகும் நேரத்தில் வந்து, விரலை நிமிர்த்தி மடக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். கட்டுக்குள் கால் வீங்கினால் வீக்கத்துக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேயே நெருக்கி இரத்த ஓட்டத்தை அடைக்கும். அதன் முதல் அடையாளம் தாங்கமுடியாத வலி. அவர் முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளின் அழுகையைக் கேட்டே கட்டைப் பிளந்தவர்.

“விரலை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் தங்கச்சி.”

“நல்லாத் தூங்கறா. எழுப்பிட்டீங்கன்னா நாலு மணி வரைக்கும் உங்ககிட்டத்தான் கேள்வி கேப்பா. அப்புறம் வாங்க அண்ணே.”

“வலி கிலி எதுவும் சொல்லலையே?”

“பூஜ்யம்.” தாளைத் திருப்பிக் காட்டினாள்.

“உன் பூஜ்யம் என் பொழப்பைக் கெடுத்துடும் போலிருக்கே” என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்து அவரை அறுவை அரங்குக்கு அழைத்துக்கொண்டார்கள். ஐந்து மணிவரை வெளியே வரமுடியவில்லை.

ஒன்றரை, இரண்டரை. மூன்று மணிக்குச் சிறுமி கண்விழித்துத் தண்ணீர் கேட்டாள், இரண்டு வாய் குடித்தாள், ஒன்றும் பேசாமல் திரும்பப் படுத்தாள். வாயாடி பேசாதது செவிலிக்குத் தெரிந்தது. மருந்தின் தூக்கம் என்று நினைத்தாள். மூன்றரை, நான்கரை. கால் பூஜ்யம், கால் பூஜ்யம். மணிதோறும் அவள் அந்தக் காலைத்தான் பார்த்தாள், அது உதறுகிறதா என்று. மரத்துக் கிடக்கும் கால், கட்டுக்குள் கிடக்கும் கால், எப்படி உதறும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ‘தூக்கம்’ என்று எழுதிய கட்டங்கள் ஆறு ஆயின.

ஐந்தேகாலுக்குச் சிறுமி விழித்தாள். வலக்கால் அரிக்கிறது என்றாள். மரப்பு விலகுகிறது என்று பொருள். தந்தை அந்தப் பாதத்தை வருடிக் கிச்சுக்கிச்சு மூட்டினான். அவள் சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள். அவன் விளையாட்டாகப் போர்வைக்குள் கைவிட்டு மற்றக் காலின் விரலையும் சுரண்டினான்.

“இதைப் பண்ணினா சிரிக்க மாட்டேங்குறியே?”

“எதை?”

“இந்தக் காலைத்தான்.”

“நீ தொடவே இல்லையேப்பா.”

தந்தை சிரித்தபடியே திரும்பினான். “சிஸ்டர், இந்தக் கால் மட்டும் இன்னும் தூங்குது போல. சில்லுன்னு வேற இருக்கு.”

அடுத்த கட்டிலில் நாடி பிடித்துக்கொண்டிருந்த செவிலியின் கை நின்றது. இந்த ஊசி ஒரு காலை மட்டும் விட்டுவைக்காது. விலகினால் இரண்டிலிருந்தும் விலகவேண்டும். அவள் வந்து போர்வையை விலக்கினாள். விரல்கள் உப்பி, தோல் பளபளத்து, ஈயநிறமாக இருந்தன. நகத்தை அழுத்தினாள். வெளுத்தது. காத்திருந்தாள். சிவப்பு வரவில்லை. பெருவிரலைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி நிமிர்த்தினாள்.

கட்டுக்குள் தசை இழுபட்டதும் சிறுமி கத்தினாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்படி ஓர் ஒலியை அவள் கேட்டதில்லை.

“கட்டைப் பிளக்கணும்! அண்ணனைக் கூப்பிடுங்க!”

மாவுக்கட்டுக்காரர் கையில் ரம்பத்தோடு ஓடிவந்தார். இரு பக்கமும் அறுத்தார், உள்ளே இருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டினார். எலும்பு டாக்டர் கெண்டைக்காலை அழுத்தினார். “கல்லு மாதிரி இருக்கு. எத்தனை மணியிலேர்ந்து?” என்றார். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். கட்டிலை அறுவை அரங்குக்குத் தள்ளச் சொன்னார்.

காலின் இரு பக்கமும் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தோலையும் அதன் கீழுள்ள உறையையும் கீறித் திறந்தார்கள். பின்பக்கத் தசைகள் சிறிது நேரத்தில் சிவந்தன. முன்பக்கத் தசை சிவக்கவில்லை. இரண்டு நாள் காத்திருந்து அதை அகற்றினார்கள். காலை எடுக்க நேரவில்லை. பாதத்தை மேலே தூக்கும் தசை இனி இல்லை.

தந்தையிடம் நிர்வாக அறையில் சொன்னார்கள். மருந்து வலியை மறைத்துவிட்டது, மிக அரிதாக இப்படி நேர்வதுண்டு என்றார்கள். அதில் பொய் இல்லை; ஆனால் உண்மையின் மறுபாதி இல்லை. தாளைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவர்கள் காட்டவுமில்லை. இனி மாவுக்கட்டுப் போட்ட குழந்தைகளைத் தூக்கத்திலும் மணிக்கொரு முறை எழுப்பி விரல் பார்க்கவேண்டும் என்று சுவரில் ஓர் ஆணை ஒட்டினார்கள்.

“நான் பன்னண்டரைக்கு வந்ததை யாருகிட்டயும் சொல்லல தங்கச்சி” என்றார் மாவுக்கட்டுக்காரர். “நானும் போர்வையைத் தூக்கிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்.”

“நான் போகச் சொன்னேன், நீங்க போனீங்க. உங்க மேல என்ன இருக்கு?”

“சொல்லாதே. சொன்னா கால் வந்துடுமா?”

அவள் அந்தத் தாளை மற்றத் தாள்களோடு அலமாரியில் வைத்தாள்.

பதினெட்டு நாள் கழித்துத் திறந்த காயத்தின்மேல் தோல் ஒட்டவேண்டும். தொடையிலிருந்து தோலைச் சீவி எடுப்பார்கள்; எடுத்த இடம் தீப்பட்டதுபோல் எரியும். மயக்க மருந்து டாக்டர் ஒப்புதல் தாளோடு தந்தையிடம் வந்தார். ஊசி போடலாம், துணை மருந்தும் சேர்க்கலாம், இம்முறை சுற்றிலும் இறுகும் கட்டு இல்லை, ஆபத்தும் இல்லை என்றார்.

“அந்த மருந்து வேண்டாம் டாக்டர்.”

“அது இல்லைன்னா நாலு மணி நேரத்துல வலி வந்துடும். ரொம்ப வலிக்கும்.”

“வலிக்கட்டும். அழட்டும்.” அவன் குரல் உயரவில்லை. “அழுதா எனக்குத் தெரியும். அந்த மருந்துதான் எம்பொண்ணு காலைத் தின்னுடுச்சு. நீங்கதானே சொன்னீங்க?”

டாக்டர் வெளியே வந்து செவிலியிடம் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. “உங்க பேச்சைக் கேப்பார் சிஸ்டர். நீங்க சொல்லிப் பாருங்க.”

இந்தப் பதினெட்டு நாளும் காயம் கழுவும்போது சிறுமி கத்தியதை அவள் அருகில் நின்று கேட்டிருந்தாள். துணை மருந்து நல்லது என்று மட்டும் சொன்னால் அவன் நம்பமாட்டான். அவனை நம்பவைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

மாடிப்படியருகே நீர்க்குழாயில் அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“மருந்து உங்க பொண்ணு காலைத் திங்கல.”

அவன் குழாயை மூடினான்.

“கட்டுக்கு வெளியில இருக்கிற விரலை மணிக்கு ஒரு தடவை பாக்கணும். அதுதான் என் வேலை. வலி தெரியாத குழந்தைன்னா இன்னும் கவனமாப் பாக்கணும். நான் பாக்கல. தூங்கறான்னு விட்டுட்டேன். ஆறு தடவை.” தாளை நீட்டி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினாள். “இங்க, பன்னண்டரைக்கு, கட்டுப் போட்டவர் பாக்க வந்தார். நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்பவே பாத்திருந்தா கால் தப்பியிருக்கும்னு நெனைக்கிறேன்.”

அவன் தாளை வாங்கினான். ஈரக்கையில் அதன் ஓரம் நனைந்தது. கட்டம் கட்டமாகப் படித்தான்.

“நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்” என்றான். “போர்வையைத் தூக்கிப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேனே.”

“சொல்லல.”

“ஏன் சிஸ்டர்?”

“அழாம இருக்கிற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சுட்டேன்.”

அவன் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அது மருத்துவமனையின் தாள். அவள் திருப்பிக் கேட்கவில்லை.

“மருந்தைச் சேர்த்தே போடச் சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன். ஆனா நீங்க அவகிட்ட வரக்கூடாது. வேற யாராவது பாக்கட்டும்.”

“சரி.”

“உங்களை அவளுக்குப் பிடிக்கும். கேட்டா, லீவுல போயிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்.”

“சரிங்க.”

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சிறுமிக்கு வலி இல்லை. நான்கு மணிக்கும் இல்லை. இளஞ்செவிலி ஒருத்தி மணிதோறும் எழுப்பிப் பார்த்து எழுதினாள். இடையில் தந்தை தானாகவே கால்மணிக்கொரு முறை விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். இறுகும் கட்டு இல்லாததால் அது தேவையில்லை, அதை அவனிடம் சொல்லவும் எவருக்கும் துணிவில்லை. மாலையில் மரப்பு விலகத் தொடங்கியது.

“விடுப்பா, தூங்கணும்.”

“இது தெரியுதா?”

“தெரியுது.”

“இது?”

“தெரியுதுப்பா! சும்மா சும்மா நோண்டாதே!”

செவிலி மருந்துத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அன்று அவள் பொறுப்பில் இருந்த ஏழாம் கட்டிலுக்குச் சிறுமியின் கட்டிலைக் கடந்துதான் போகவேண்டும். அவள் வெளியே வந்து, நடைகூடத்தின் வழியே சுற்றி, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.